மரணக் கணக்கும் மக்கள் உரிமையும்

ஒரு தேசத்து ஜனங்கள் எவ்விதம் வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், அவர்கள் எதனால் மடிகின்றனர் என்பதை முதலில் விசாரிப்பது நலம். வரவு செலவுத் திட்டமும் மந்திரிமார்களின் பிரசங்கமும் சர்க்கார் செய்ய உத்தேசித்திருப்பதைக் கூறும். செய்யத் தவறியதைக் கூறும் புத்தகம் ஒன்று உண்டு. அதுவே மரணப் பதிவேடு. எந்த ஊரில் குடிநீர் கெட்டிருந்தது, எந்தப் பேட்டையில் பிரசவ காலத்தில் உதவி கிட்டவில்லை, எந்தத் தொழிலில் தூசி மனிதனுடைய நுரையீரலை அரித்தது என்ற விவரங்களையெல்லாம், ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். ஒழுங்காக எழுதப்படாவிடில், இந்தக் குற்றங்கள் யாவும் பிரேதத்தோடு சேர்ந்து புதைந்து போகும்.

நமது ஜனங்கள் இவ்விஷயத்தில் காட்டும் அசிரத்தை வருந்தத்தக்கது. பதினாறாம் நாள் கிரியைக்கு வேண்டிய சாமான்களை ஒன்று விடாமல் ஜாபிதா எழுதுகிற வீட்டில், இறப்பைப் பதிவு செய்யும் காரியம் மறந்து போகிறது. பட்டா மாற்ற வேண்டும், பாங்கியிலிருந்து பணம் எடுக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனி காகிதம் கேட்கிறது என்ற நிலை வந்த பின்னரே மரணச் சான்றிதழைத் தேடி ஓடுகின்றனர். சொத்தில்லாதவன் வீட்டில் இந்தத் தேவையும் எழுவதில்லை. ஆகவே ஏழையின் சாவு கணக்கில் ஏறாமலும், ஏறினால் காரணம் இன்னதென்று விளங்காமலும் போய்விடுகிறது.

மரணப் பதிவைச் சொத்துக்குச் சாட்சி என்று மட்டும் கருதுவது பெருந்தவறு. 'இவன் ஏன் இறந்தான்?' என்று கேட்பதற்கு இறந்தவனைச் சார்ந்தவர்களுக்கு உரிமை உண்டு, தேசத்துக்கும் உண்டு. அந்த உரிமைக்குச் சட்டம் அளித்திருக்கும் ஆதாரமே இப்பதிவு. அரசியல் தொண்டில் ஈடுபட்டிருப்போர் இச்சட்டத்தை நன்கு அறிந்திருக்க வேண்டும் என்பதும், அது ஒழுங்காக அமலில் வரும்படி பார்த்துக் கொள்வதைத் தங்கள் நித்திய வேலைகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

'காய்ச்சல்' என்ற ஒரு வார்த்தை

அந்நிய ஆட்சியில் இந்தக் கணக்கு எப்படி இருந்தது என்பதை நினைவுகூர்வது அவசியம். 1886-ஆம் வருஷத்தில் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் பிறந்தது. ஆனால் அது விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்து கொள்ளலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. சென்னை மாகாணத்திற்கென 1899-ஆம் வருஷத்தில் தனிச் சட்டம் செய்யப்பட்டது. வங்காளத்திற்கு 1873-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் ஏற்பட்டிருந்தது. சட்டம் எதுவாயினும், கிராமத்தில் கணக்கை ஆரம்பிப்பவன் வைத்திய ஞானமில்லாத ஒரு சிறு உத்தியோகஸ்தனே. வங்காளத்தில் அவன் சௌகிதார் என்ற ஊர்க் காவற்காரன். எழுதப் படிக்கத் தெரியாத அவன், இத்தனை பேர் மாண்டனர் என்று போய்ச் சொல்வான். காலரா, அம்மை போல் வெளிப்படையாகத் தெரியும் வியாதிகள் நீங்கலாக மற்றவற்றில் பெரும்பகுதி 'காய்ச்சல்' என்ற தலைப்பில் ஏறிவிடும்.

1943-ஆம் வருஷத்தில் வங்கத்தைப் பஞ்சம் கவ்வியபோது இந்த ஏற்பாட்டின் விபரீதம் வெளிப்பட்டது. பஞ்ச நிவாரண விதிகளின்படி பஞ்சத்தைப் பிரகடனம் செய்யவே அன்றைய சர்க்கார் முன்வரவில்லை. பதிவேட்டிலோ பட்டினிச் சாவு என்பதற்கு வழக்கமான இடம் கிடையாது. பசியால் உடல் தேய்ந்து, பிறகு மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தாக்கி இறந்தவர்கள், அந்த வியாதிகளால் இறந்தவர்களாகவே எழுதப்பட்டனர். எழுத வேண்டிய சௌகிதார்களிலும் சிலர் மாண்டனர், சிலர் ஊரை விட்டு ஓடினர். விளைவு என்ன? 1945-ஆம் வருஷத்தில் பஞ்ச விசாரணைக் கமிஷன் இறந்தோர் தொகையைச் சுமார் 15 லட்சம் என்று மதிப்பிட்டது. அதே பஞ்சத்தை ஆராய்ந்து 1981-ஆம் வருஷத்தில் நூல் வெளியிட்ட அமர்த்தியா சென், தொகை 30 லட்சத்தை ஒட்டியது என்று கண்டார். இரண்டு தொகைகளுக்குமிடையே பதினைந்து லட்சம் மனித உயிர்கள் நிற்கின்றன. அவர்கள் இறந்தார்களா என்பதே தர்க்கத்துக்குரிய விஷயமாகிவிட்டது. ஓர் ஆட்சி தன் குற்றத்தை மறைக்க விரும்பினால் பெரிய பொய்கள் சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டின் ஒரு பத்தியில் 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டு போனால் போதும் என்பதே வங்கம் நமக்குக் கற்பித்த பாடம்.

சுதந்திர இந்தியாவின் சட்டம்

சுதந்திரம் பெற்றபின் தேசம் முழுமைக்கும் ஒரே சட்டம் தேவை என்பது உணரப்பட்டு, 1969-ஆம் வருஷத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. மரணத்தைப் பதிவு செய்வதை அது கட்டாயக் கடமையாக்கிற்று. அச்சட்டம் 2023-ஆம் வருஷத்தில் விரிவாகத் திருத்தப்பட்டு, திருத்தங்கள் அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. அதன் முக்கியமான ஷரத்துக்களை வாசகர்களுக்கு எடுத்துக் கூறுவோம்.

மரணத்தைத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது? வீட்டில் நிகழ்ந்த மரணத்தைக் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். அவர் இல்லாவிடில் வீட்டிலுள்ள நெருங்கிய உறவினரும், அவரும் இல்லாவிடில் அங்குள்ள வயது வந்தவர்களில் மூத்தவரும் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பிலுள்ள வைத்திய அதிகாரி. சிறையில் நிகழ்ந்தால் சிறை அதிகாரி. சத்திரம், தர்மசாலை, விடுதி, கள்ளுக்கடை முதலிய இடங்களுக்கு அவற்றை நடத்துவோரே பொறுப்பாளிகள். 'சத்திரம்' என்ற நமது சொல் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே இடம் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. வழிப்போக்கனாகச் சத்திரத்துத் திண்ணையில் மாண்டவனும் கணக்கில் சேர வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. பொது இடத்தில் அநாதையாகக் கிடக்கும் பிரேதத்தைக் குறித்து, கிராமமானால் அவ்வூர்த் தலைமை உத்தியோகஸ்தரும், மற்ற இடமானால் போலீஸ் நிலைய அதிகாரியும் தெரிவிக்க வேண்டும். ஓடும் வாகனத்தில் மரணம் நேர்ந்தால், வாகனத்தின் பொறுப்பாளர் முதலில் நிற்கும் இடத்திலேயே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ரயில் வண்டியும் கப்பலும் ஆகாய விமானமும் மட்டுமன்றி, குதிரை வண்டியும் ரிக்ஷாவும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய் முதலியவை பயிராகும் தோட்டங்களில் நிகழும் மரணங்களைத் தோட்டத்துச் சூப்பிரண்டெண்டு தெரிவிக்க வேண்டும் என்று தனி ஷரத்து இருக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் மலைத் தோட்டங்களில் உழைக்கும் நமது தொழிலாளர்கள் இந்த ஷரத்தை அறிந்திருக்கின்றனரா என்பது சந்தேகம். அவர்களுக்காகப் பேசும் சங்கங்களாவது அறிந்திருக்க வேண்டும்.

தவணை 21 நாட்கள். அதற்குள் தெரிவித்தால் பதிவு இலவசம். பதிவான ஏழு நாட்களுக்குள் சான்றிதழ் கொடுக்கப்பட வேண்டும் என்றும் 2023-ஆம் வருஷத்துத் திருத்தம் கூறுகிறது. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் எனில் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். 30 நாள் கடந்து ஒரு வருஷத்திற்குள் எனில் மாவட்டப் பதிவாளர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை. ஒரு வருஷமும் கடந்துவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவின்றிப் பதிவு செய்ய இயலாது. முன்னர் இது முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டின் அதிகாரத்தில் இருந்தது. இப்போது மாவட்ட மாஜிஸ்ட்ரேட், உட்கோட்ட மாஜிஸ்ட்ரேட், அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக மாஜிஸ்ட்ரேட் விசாரித்து உத்தரவிடலாம். இருபத்தொரு நாளில் செலவின்றி முடியக்கூடிய காரியத்தை ஒத்திப்போட்டு, கூலி வேலையை விட்டுக் கச்சேரி கச்சேரியாக அலைபவன் ஏழையே.

எங்கே பதிவு செய்வது என்பதிலும் பலருக்கு மயக்கம் உண்டு. மரணம் எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடமே பதிவாக வேண்டும். இறந்தவரின் சொந்த ஊரில் அன்று. திருநெல்வேலிக்காரர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு சென்னையில்தான். நமது மாகாணத்துக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரங்களில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவிலும் விசாரித்தால் வழி தெரியும்.

இரண்டு காகிதங்கள்

மரணத்தைக் குறித்து எழுதப்படும் காகிதங்கள் இரண்டு. இவற்றை ஒன்றென நினைப்பதால் விளையும் குழப்பம் அதிகம். முதலாவது, குடும்பத்தாரோ ஆஸ்பத்திரியாரோ பதிவாளருக்குக் கொடுக்கும் மரண அறிக்கை. இது இரண்டாம் நமூனா எனப்படும். இரண்டாவது, வைத்தியர் எழுதும் மரணக் காரணச் சான்று. ஆஸ்பத்திரியில் நேரும் மரணத்திற்கு நான்காம் நமூனாவும், வீட்டில் நேரும் மரணத்திற்கு நான்கு-ஏ நமூனாவும் ஏற்பட்டிருக்கின்றன.

மரண அறிக்கை இரு பாகங்கள் கொண்டது. இறந்தவரின் பெயர், பெற்றோர் அல்லது கணவன் மனைவியின் பெயர், வயது, மரணமடைந்த தேதி, இடம், தகவல் தருபவரின் விலாசம் ஆகியவை சட்டப் பாகத்தில் அடங்கும்; இதுவே பதிவேடாக நிலைத்து நிற்கும். தொழில், வைத்திய உதவி கிடைத்ததா, காரணம் வைத்தியரால் சான்றளிக்கப்பட்டதா, புகையிலை, மது முதலிய பழக்கங்கள் உண்டா என்பன புள்ளிவிவரப் பாகத்தில் கேட்கப்படுகின்றன. இறந்தவர் பெண்ணாயின், கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, அதற்குப்பின் ஆறு வாரங்களுக்குள்ளோ மரணம் நேர்ந்ததா என்ற கேள்வியும் உண்டு. இந்தப் பாகம் தனியே பிரிக்கப்பட்டுக் கணக்கெடுப்புக்கு அனுப்பப்படுகிறது. அவசரத்தில் இப்பாகத்தை வெற்றாக விடுவோர் பலர். ஒரு தாய் மகப்பேற்றில் மாண்டாள் என்ற செய்தி, ஒரு கட்டத்தில் குறியிடாத காரணத்தால் தேசத்தின் கணக்கிலிருந்து தவறிவிடும் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

பெயர் எழுதுவதிலும் கவனம் வேண்டும். வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பாங்கிக் கணக்கில் ஒன்று என்று நமது நாட்டில் ஒருவருக்கே பல பெயர்கள் இருப்பது சகஜம். தஸ்தாவேஜுகளில் உள்ள பெயரையும் இனிஷியலையும் பார்த்து எழுதினால், பின்னர் வாரிசுச் சான்றிதழ் பெறும்போது தொல்லை இராது. பிழை நேர்ந்துவிட்டால் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பழைய எழுத்தை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். பதிவேட்டின் நம்பகத்துக்கு இது சிறந்த காப்பு என்பதில் ஐயமில்லை.

வைத்தியரின் கடமை

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான மரணக் காரணச் சான்றைப் பார்ப்போம். இதன் அமைப்பு உலக தேசங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டது. முதற் பாகத்தில், உடனடியாக மரணத்தை விளைத்தது எது, அது எதனால் வந்தது, அதற்கும் மூலம் எது என்று படிப்படியாகக் கீழ் நோக்கி எழுத வேண்டும். ஒவ்வொன்றும் மரணத்திற்கு எவ்வளவு காலம் முன் தொடங்கியது என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில், நேர்க் காரணமாக இல்லாவிடினும் மரணத்திற்குத் துணை நின்ற வியாதிகளை எழுத வேண்டும். கணக்கில் ஏறுவது கடைசிப் படியிலுள்ள மூல காரணமே.

உதாரணமாக, பிரசவமான ஒரு பெண் உதிரப்போக்கினால் இறந்தாள் என்று வைத்துக்கொள்வோம். உடனடிக் காரணம், இரத்தம் இழந்ததால் ஏற்பட்ட அதிர்ச்சி. அதற்கு மூலம், பிரசவத்துக்குப்பின் நேர்ந்த உதிரப்போக்கு. மாதக்கணக்காக அவளைப் பீடித்திருந்த இரத்தசோகை இரண்டாம் பாகத்தில் வர வேண்டும். இவ்வாறு எழுதினால், அந்தப் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் சத்துணவும், பிரசவ காலத்தில் இரத்தமும் ஏன் கிட்டவில்லை என்ற கேள்வி தானே எழும். இதற்குப் பதிலாக 'இருதயம் நின்றது' என்று ஒரு வரி எழுதினால் எந்தக் கேள்வியும் எழாது. இருதயம் நில்லாமல் இறந்த மனிதன் யார்? இருதயமும் மூச்சும் நிற்பது மரணத்தின் அடையாளமேயன்றிக் காரணமன்று. ஆகவே அதை மட்டும் காரணமாக எழுதலாகாது என்று வைத்தியர்களுக்குத் தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த வரி இன்றும் தாராளமாகப் புழங்குகிறது. வங்கத்துச் சௌகிதாரின் 'காய்ச்சலுக்கும்' படித்த வைத்தியரின் இந்த வரிக்கும் நாம் பெரிய வித்தியாசம் காணவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் வைத்தியருக்குக் கடமை விதித்திருக்கிறது. கடைசி நோயின்போது வைத்தியம் பார்த்தவர், தமக்குத் தெரிந்த வரையிலும் தாம் நம்பும் வரையிலும் மரணக் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கலாகாது. 2023-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், அங்கே நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் இச்சான்றைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி தர வேண்டும். பிரதியைக் கேட்டுப் பெறுங்கள் என்று நாம் வாசகர்களை வற்புறுத்துகிறோம். ஏனெனில், பதிவாளர் தரும் மரணச் சான்றிதழில் மரணத்தின் காரணம் இருக்காது. காரணத்தை அதில் வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. சமூகம் இழிவாகப் பார்க்கும் வியாதிகளால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு இத்தடை ஒரு பாதுகாப்பு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளக் குடும்பத்துக்குள்ள வழி வைத்தியரின் சான்றுப் பிரதியே என்பதை மறக்கலாகாது.

நிலைமை எவ்வாறிருக்கிறது? இந்தியத் தலைமைப் பதிவாளரின் அறிக்கைப்படி, 2020-ஆம் வருஷத்தில் பதிவான மரணங்களில் வைத்தியச் சான்று பெற்றவை நூற்றுக்கு 22.5 தான். எஞ்சிய முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் எதனால் இறந்தனர் என்பதற்கு வைத்தியரின் வாக்குமூலம் இல்லை. சந்திர மண்டலத்துக்குக் கலம் அனுப்பும் ஒரு தேசத்துக்கு இது பெருமை தருவதாகாது.

காரணத்தில் அடங்கிய நியாயம்

காரணப் பத்தியில் எழுதும் ஒரு வார்த்தை எத்தனை குடும்பங்களின் கதியை நிர்ணயிக்கிறது என்பதற்குச் சில உதாரணங்கள் கூறுவோம்.

கல் உடைப்போர், கல்லை அரைத்துப் பொடியாக்குவோர் முதலானோரின் நுரையீரலில் சிலிக்கா என்னும் தூசி படிந்து உயிரைக் குடிக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌரின் சிலேட்டுக் குச்சித் தொழிலாளர்களும், குஜராத்தில் கம்பாத்தின் அகேட் கல் மெருகிடுவோரும் இந்த சிலிக்கோசிஸ் வியாதிக்குப் பலியானதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இது அறிவிக்கத்தக்க தொழில் வியாதியாக இருந்தது. ஆனால் இருமலும் உடல் மெலிவும் கண்டு இது காசம் என்றே எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. காசம் என்றால் விதி. சிலிக்கோசிஸ் என்றால் முதலாளியின் பொறுப்பு. நஷ்ட ஈடு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது.

பாதாளச் சாக்கடையில் இறக்கிவிடப்பட்டு விஷவாயுவால் மாண்டோரின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்ச ரூபாய் அளிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2014-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் வருஷத்தில் அத்தொகை முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. மரணம் எங்கே, எந்த வேலையில், எதனால் நேர்ந்தது என்பது பதிவுகளில் தெளிவாக இருந்தால் விதவையின் கோரிக்கைக்குப் பலம் உண்டு. 'மயங்கி விழுந்து மரணம்' என்று எழுதிவிட்டால், வேலை கொடுத்தவன் கைகழுவிக்கொள்வான்.

கோவிட் கொள்ளைநோய்க் காலம் இதை நாடெங்கும் உணர்த்திற்று. வைரஸ் தாக்கி இறந்தவர்கள் நிமோனியாவால், இருதய நோயால், நீரிழிவால் இறந்தவர்களாகக் குறிக்கப்பட்டதாகப் பல இடங்களிலிருந்து முறையீடுகள் கிளம்பின. 2021-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், மரணச் சான்று பெறும் முறையை எளிதாக்கி வழிகாட்டுமாறும், குடும்பங்களுக்கு நிவாரணம் வகுக்குமாறும் உத்தரவிட்டது. ஐம்பதாயிரம் ரூபாய் நிவாரணம் நிர்ணயமாயிற்று. சான்றிதழில் கோவிட் என்ற சொல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிவாரணத்தை மறுக்கலாகாது என்று அக்டோபர் 4-ஆம் தேதி அக்கோர்ட்டே மேலும் கூற வேண்டியதாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ஆம் வருஷத்தில், 2020, 2021 இரண்டு வருஷங்களிலும் இந்தியாவில் வழக்கத்துக்கு மேற்பட்டு நேர்ந்த மரணங்கள் சுமார் 47 லட்சம் என மதிப்பிட்டது. அவ்விரண்டு வருஷங்களுக்குச் சர்க்கார் கணக்கிலிருந்த கோவிட் மரணங்கள் சுமார் 4.8 லட்சம். அம்மதிப்பீட்டு முறையை இந்திய சர்க்கார் ஆட்சேபித்தனர். யார் கணக்குச் சரி என்ற விவாதத்தில் நாம் இங்கே இறங்கவில்லை. வீட்டுக்கு வீடு நேர்ந்த சாவுகள் காரணத்தோடு அவ்வப்போது பதிவாகியிருந்தால், இந்த விவாதத்துக்கே இடம் இருந்திராது என்பது மட்டும் நிச்சயம். 1943-இல் வங்கத்தில் எழுந்த கேள்வியும் இதுவேயன்றோ?

சிறையும் கடலும்

இரண்டு இடங்களில் நேரும் மரணங்களைக் குறித்துத் தனியே கூற வேண்டும். ஒன்று சிறை. 1929-ஆம் வருஷம் செப்டம்பர் 13-ஆம் தேதி, அறுபத்து மூன்றாம் நாள் உண்ணாவிரதத்தில் ஜதீந்திரநாத் தாஸ் லாகூர்ச் சிறையில் உயிர் துறந்தபோது, தேசமே விழித்திருந்தது. ஆகவே அவர் எதனால் மாண்டார் என்பதை எவராலும் மறைக்க முடியவில்லை. பெயர் தெரியாத கைதிக்கு அப்படிப்பட்ட சாட்சிகள் இல்லை. சிறை மரணத்தைத் தெரிவிப்பவர் சிறை அதிகாரியே. யாருடைய காவலில் மனிதன் இறந்தானோ அவரே அறிக்கையும் தருகிறார். இதனாலேயே காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை மாஜிஸ்ட்ரேட் தனியே விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அதற்குப் பதிலாக 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. பதிவான பிறகும் காரணத்தைக் குறித்துக் கேட்பது குடும்பத்தாருக்கும் பொது ஜனங்களுக்கும் உரிய உரிமை.

மற்றொன்று கடல். உடல் கிடைக்காதவன் இறந்தவனாக மாட்டான் என்பது பொது விதி. ஏழு வருஷங்கள் அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் கூறுகிறது. 2017-ஆம் வருஷத்தில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலோரத்து மீனவர்களை வாரிக்கொண்டு போனபோது, கரையில் நின்ற மனைவிமார் விதவைகளும் அல்லர், சுமங்கலிகளும் அல்லர் என்ற நிலை ஏற்பட்டது. அவர்களை ஏழாண்டு காத்திருக்கச் செய்வது கொடுமை என்பதை உணர்ந்தே சர்க்கார் நிவாரணத்துக்குத் தனி வழி காண நேர்ந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பின்பும் மனுப் போட்டு மன்றாடிப் பெற வேண்டிய சலுகையாக இது இருப்பது நியாயமன்று. கடலோரத்துக்கென நிரந்தரமான விதி சட்டத்திலேயே ஏற்பட வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

தொண்டர்கள் செய்ய வேண்டியது

சட்டம் இருக்கிறது, தவணை இருக்கிறது, நமூனாக்களும் இருக்கின்றன. கடமை தவறுவோருக்கு அபராதமும் இருக்கிறது. 1969-ஆம் வருஷத்தில் ஐம்பது ரூபாயாக இருந்த அபராதம் 2023-ஆம் வருஷத்தில் உயர்த்தப்பட்டது. பதிவாளரின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர் முப்பது நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் அப்பீல் செய்யலாம். அதன்மேல் தொண்ணூறு நாட்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும். இல்லாதது ஒன்றே: இவற்றை ஜனங்களுக்கு எடுத்துக் கூறி, படிக்கத் தெரியாதவனுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக் கொடுக்கும் ஆள்.

நமது அரசியல் தொண்டர்கள் சாவு வீட்டுக்கு முதலில் போகிறவர்கள். பந்தல் போடவும், பாடை கட்டவும், மயானம் வரை உடன் செல்லவும் பின்வாங்காதவர்கள். அவர்கள் இன்னும் ஒரு காரியம் செய்யட்டும். சடங்குகள் முடிந்ததும் அவ்வீட்டாரிடம் பதிவுக் காரியத்தை ஞாபகப்படுத்தட்டும். தகவல் அறிக்கையின் இரு பாகங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் இறந்தவராயின் வைத்தியரின் சான்றுப் பிரதியை வாங்கித் தரட்டும். அதில் 'இருதயம் நின்றது' என்று மட்டும் இருந்தால், மூல காரணம் யாதென்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கட்டும். இறந்தவர் செய்த தொழில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

பொறுப்பை ஜனங்கள் மேல் மட்டும் சுமத்துவது நமது நோக்கமன்று. வீட்டில் இறக்கும் ஏழைக்குக் கடைசிக் காலத்தில் வைத்தியரே வரவில்லையென்றால், சான்று எழுதுவது யார்? வைத்தியச் சான்றில்லாத மரணங்களின் தொகை, வைத்திய உதவி எட்டாத ஜனங்களின் நிலையையும் காட்டுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியர் காலியிடங்களை நிரப்புவதும், மரணக் காரணத்தை எழுதும் முறையில் இளம் வைத்தியர்களுக்குத் தேர்ந்த பயிற்சி தருவதும், வட்டம் வாரியாக மரணக் காரணங்களின் தொகுப்பை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுவதும் சர்க்காரின் கடமை. அத்தொகுப்பு வெளிவருமாயின், சட்டசபையில் கேள்வி கேட்க விரும்பும் அங்கத்தினருக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படாது.

உயிரோடிருக்கையில் ஏழையின் குரல் கச்சேரிகளை எட்டுவது அரிது. இறந்த பிறகாவது அவன் பெயரும், அவன் செய்த தொழிலும், அவன் மாண்ட காரணமும் சர்க்கார் புத்தகத்தில் உள்ளபடி எழுதப்படுமாயின், அது அவனுக்காக நெடுங்காலம் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியத்தை அழியவிடாமல் காப்பதும் தேசத் தொண்டே. இருபத்தொரு நாள் என்ற தவணை ஒவ்வொரு வீட்டிலும் அறியப்படுவதாக.